சம்ப்பைக் கழற்றிய விவகாரம்

ஜனவரி 9

வாலுக்குப் பாட்டி எழுதுவது.

அன்றைக்குக் கூடத்தில் யார் யார் இருந்தார்கள் என்பதை முதலில் எழுதிவிடுகிறேன். நாளைக்கு ஒருவரும் நான் அங்கே இல்லையே என்று நழுவக் கூடாது. உன் அப்பா, ஜன்னலோரம், கையைக் கட்டிக்கொண்டு. உன் அம்மா, நனைந்த கம்பளத்தின் ஒரு முனையைப் பிடித்தபடி, இழவு வீட்டில் உட்கார்ந்திருப்பவள் மாதிரி. உன் சித்தப்பா, ஏசி ரிப்பேர் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு, குழாய் என்று ஒன்று இருந்தால் அது தன்னைக் கேட்டுத்தான் ஒழுக வேண்டும் என்கிற முகத்தோடு. கீழ்வீட்டுக்காரர், அவர் வீட்டுக் கூரையில் இறங்கிய ஈரத்தைப் போனில் படம் எடுத்து வந்து ஆளாளுக்குக் காட்டிக்கொண்டு. மீன்தொட்டிக் கடைக்காரர். அப்புறம் என் நாற்காலியில் நான். மற்றவர்கள் எல்லோரும் பேசினார்கள். என்னை ஒருவரும் கேட்கவில்லை.

நான் நன்றாக இருக்கிறேன், முழங்காலைத் தவிர. நீ எப்படி இருக்கிறாய், நேரத்துக்குச் சாப்பிடுகிறாயா, குளிருக்குக் காதைக் கட்டுகிறாயா என்று எழுது. போனில் பேசலாமே என்பாய். போனில் பாதி எனக்குக் காது கேட்காது, மீதியை உன் அம்மா பக்கத்தில் நின்று கேட்பாள். எழுத்துக் கோணலாக இருந்தாலும் இது நம் இரண்டு பேருக்குள் இருக்கும்.

விஷயம் இதுதான். போன வாரம் மத்தியானம் கரன்ட் போனது. கரன்ட் போனால் கடல்மீன் தொட்டியின் தண்ணீர் கொஞ்சம் அடியில் அலமாரிக்குள் இருக்கிற சம்ப்பில், அந்த வடிகட்டும் தொட்டியில், இறங்கும், குழாயில் நீ போட்டுவிட்டுப் போன சின்ன ஓட்டை காற்றை இழுத்ததும் நின்றுவிடும். அன்றைக்கு அந்த ஓட்டையில் ஒரு நத்தை போய் உட்கார்ந்துவிட்டது. தண்ணீர் நிற்கவில்லை. சம்ப் நிரம்பி, அலமாரி நிரம்பி, கம்பளம் குடித்தது போகக் கீழ்வீட்டுக்கும் போயிற்று.

கடைக்காரர் வந்து நத்தையை எடுத்துக் காட்டினார். அத்தோடு முடிந்திருக்க வேண்டும். உன் சித்தப்பா விடவில்லை. இன்றைக்கு நத்தை, நாளைக்கு இன்னொன்று, திறந்த தொட்டியைத் தரையில் வைத்தாலே வம்பு, சம்ப்பை எடுத்துவிட்டு மூடிய கேனிஸ்டர் வடிகட்டி மாட்டு என்றான். வாளி அளவு டப்பா, இரண்டு குழாய், வழியாது, சத்தம் போடாது. பக்கவாட்டில் தொங்குகிற பெட்டி ஒன்று போதுமே என்றாள் உன் அம்மா. அது தங்கமீனுக்குத்தான் சரி என்றார் கடைக்காரர். பவளம் வளர்க்கிற தொட்டிக்கு சம்ப்தான் நல்லது, கழிவை நுரையாக்கித் தள்ளுகிற ஸ்கிம்மர் வைக்க அதில்தான் இடம், இருந்தாலும் உங்கள் வசதி என்றார். இருந்தாலும் என்று இழுக்கிறவனை நான் என்றைக்கும் நம்பினதில்லை.

நான் சொன்னேன், அது என் பேத்தி தன் கையால் ஒட்டிக் கட்டின தொட்டி, பயிற்சி முடிந்து ஆகஸ்ட்டில் வரப்போகிறாள், அவளைக் கேட்காமல் ஒரு திருகாணியைத் தொடக் கூடாது என்று. அப்போதுதான் உன் அப்பா வாயைத் திறந்தான்.

"அவகிட்ட பேசிட்டேம்மா. சம்ப எடுத்துட்டு கேனிஸ்டர் போட்டுக்கச் சொல்லிட்டா."

"பொய் சொல்லாதடா" என்றேன். அத்தனை பேர் முன்னால்தான் சொன்னேன். ஏழு வயதில் பென்சிலைக் கடித்துத் தின்றுவிட்டுத் தொலைந்துபோனது என்று அழுதவன் அவன். அந்தப் பொய்யும் எனக்கு ஞாபகம் இருக்கிறது, பென்சிலின் நிறமும் ஞாபகம் இருக்கிறது.

நீ எனக்கு ஒரே ஒரு வரி எழுது. நான் அப்படிச் சொல்லவில்லை என்று. அதை அவன் முகத்துக்கு நேரே நீட்டுகிறேன்.

உன் நினைப்பாகவே இருக்கும்
பாட்டி

ஜனவரி 27

என் பாட்டிக்கு,

உன் எழுத்தைப் பார்த்ததுமே பாதிக் குளிர் போய்விட்டது. முழங்காலுக்கு வெந்நீர் ஒத்தடம் கொடுக்கிறாயா? எனக்கு ஒரு குறையும் இல்லை. காதைக் கட்டுகிறேன். சாப்பிடுகிறேன், என் சமையலைச் சாப்பாடு என்று நீ ஒப்புக்கொண்டால்.

பட்டறையில் என்னை லென்ஸ் விளிம்பு தேய்க்கிற மேஜையிலிருந்து மெருகேற்றுகிற மேஜைக்கு மாற்றிவிட்டார்கள். பயிற்சிக்கு வந்தவர்களில் அங்கே உட்கார்ந்திருப்பது நான் மட்டும்தான். என் மேஸ்திரி அம்மா ரொம்பக் கறார். நான் தேய்த்ததை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்து ஒன்றும் சொல்லாமல் வைத்தால் அன்றைக்கு அதுதான் பாராட்டு. நீங்கள் இரண்டு பேரும் ஒரே அறையில் இருந்தால் எப்படி இருக்கும் என்று நினைத்துச் சிரித்துக்கொள்வேன்.

கேனிஸ்டர் அவ்வளவு மோசமில்லை பாட்டி. நம் தொட்டியில் மீன் கொஞ்சம்தானே. ஒழுங்காகக் கழுவினால் தாக்குப்பிடிக்கும். அழுக்கு வெளியே போகாமல் டப்பாவுக்குள்ளேயே தங்கும், அதுதான் அதில் உள்ள கெட்ட பழக்கம். இரண்டு வாரத்துக்கு ஒருமுறை திறந்து பஞ்சைக் கழுவ வேண்டும். அதையும் தொட்டித் தண்ணீரையே ஒரு வாளியில் எடுத்து அதில் கழுவ வேண்டும். உள்ளே வெள்ளையாகக் குட்டிக் குட்டி வளையங்கள் இருக்கும், அவற்றை அதே தண்ணீரில் லேசாக முக்கி எடுத்தால் போதும். கண்ணுக்குத் தெரியாத உயிர்கள் அந்த வளையத்தில் குடியிருந்துகொண்டு மீனின் கழிவைத் தின்கின்றன. குழாய்த் தண்ணீர் பட்டால் எல்லாம் செத்துவிடும். இதை அப்பாவிடமும் சொல்லிவிடு.

கம்பளத்துக்காக அம்மாவிடம் நான் மன்னிப்புக் கேட்டேன் என்று சொல்.

முத்தங்களுடன்
வாலு

பிப்ரவரி 8

வாலுக்கு,

உன் கடிதம் கிடைத்தது. முன்னும் பின்னும் எழுதி மூன்று பக்கம். நான் கேட்ட ஒரு வரி அதில் இல்லை. மூக்குக்கண்ணாடியைத் துடைத்துவிட்டுத் திரும்பவும் தேடினேன். மறந்திருப்பாய், பரவாயில்லை, அடுத்ததில் எழுது.

இங்கே எல்லோரும் உயிரோடு இருக்கிறார்கள். நலம் என்று எழுத எனக்கு வாய் வரவில்லை. ஞாயிற்றுக்கிழமை உன் சித்தப்பா வந்து சம்ப்பைக் கழற்றிவிட்டான். அதில் நீ அடுக்கிவைத்திருந்த பாறைகளை ஒரு கோணியில் போட்டு வாசலில் வைத்தான், குப்பை வண்டி கொண்டுபோய்விட்டது. எனக்குத் தெரிவதற்குள் வண்டி தெருமுனை திரும்பிவிட்டது. ஸ்கிம்மரை நான் விடவில்லை. அதன் கோப்பையில் இருந்த கறுப்பு நுரையைக் கழுவிக் கொட்டி, துணியில் சுற்றி என் கட்டிலுக்கு அடியில் வைத்திருக்கிறேன். நாற்றம் இன்னும் போகவில்லை. அந்த அறைக்குள் வர உன் அம்மா மூக்கைப் பிடித்துக்கொள்கிறாள். எனக்கு அதுவும் வசதிதான்.

உன் அப்பாவோடு நான் பேசுவதை நிறுத்திவிட்டேன். சாப்பாட்டு மேஜையில் எதிரும் புதிருமாக உட்கார்ந்திருக்கிறோம். "உன் வீட்டுக்காரர்கிட்ட சொல்லு, உப்பு வேணும்னு" என்பேன் உன் அம்மாவிடம். "கையெட்டுற தூரத்துலதான் இருக்குன்னு சொல்லு" என்பான் அவன். உன் அம்மா இரண்டு பேரையும் பார்த்துவிட்டு, "நான் என்ன போஸ்ட் ஆபீசா, அத்தை?" என்று உப்பைத் தூக்கி நடுவில் வைத்துவிட்டுப் போய்விட்டாள். போகட்டும்.

கேனிஸ்டரைக் கழுவுவது நான்தான். நீ எழுதியிருந்தபடி தொட்டித் தண்ணீரை வாளியில் எடுத்துக் குளியலறையில் உட்கார்ந்து கழுவுகிறேன். அப்பாவிடமும் சொல்லிவிடு என்று எழுதியிருக்கிறாய். சொல்ல மாட்டேன். வாய் கூசாமல் உன் பேரில் பொய் சொன்னவனுக்கு உன் வளையத்தையும் பஞ்சையும் பற்றி என்ன பேச்சு? உன் கடிதம் என் தலையணை உறைக்குள் இருக்கிறது. அங்கேயே இருக்கும்.

அந்த ஒரு வரி.

பாட்டி

மார்ச் 2

பாட்டிக்கு,

நீ தெம்பாக இருக்கிறாய் என்று உன் கோபத்திலேயே தெரிகிறது. எனக்குத் தொண்டை கட்டியிருந்தது, இப்போது தேவலை.

அப்பாவோடு பேசு பாட்டி. பாவம் அவர். யார் என்ன சொன்னார்கள் என்பதை இப்போது கிளறி என்ன ஆகப்போகிறது? கேனிஸ்டர் மாட்டியாயிற்று. அது ஓடட்டும்.

நான் அறை மாறியிருக்கிறேன். பழைய அறையில் நான்கு பேர் நெருக்கியடித்துக்கொண்டு இருந்தோம். இது எனக்கே எனக்கு. ஜன்னலைத் திறந்தால் ஒரு சைக்கிள் கடையும் ஒரு சுவரும் தெரியும். பழைய சாமான் கடையில் ஒரு துணி அலமாரி வாங்கினேன். கதவு சரியாக மூடாது. காகிதத்தை மடித்துச் சொருகினால் மூடும். முகவரி கீழே எழுதியிருக்கிறேன்.

தொட்டியில் நம் வாட்ச்மேன் மீன் எப்படி இருக்கிறான்? கொத்தனார் இன்னும் குழி தோண்டுகிறாரா?

வாலு

மார்ச் 15

வாலுக்கு,

ஆகஸ்ட்டில் ஊருக்கு வருகிறவள் மார்ச்சில் எதற்கு அலமாரி வாங்க வேண்டும்? எனக்குப் புரியவில்லை. வரும்போது அதை யார் தலையில் கட்டிவிட்டு வருவாய்? தொண்டைக்கு மிளகைத் தட்டிக் கொதிக்கவைத்துக் குடி. இங்கே எனக்கு ரத்த அழுத்தம் கொஞ்சம் ஏறியிருக்கிறதாம். ஏறாமல் என்ன செய்யும்?

வாட்ச்மேன் வழக்கம்போல் குழி வாசலில் நின்று வருகிறவனையும் போகிறவனையும் முறைக்கிறான். கொத்தனார் இறால் கண் தெரியாமல் உள்ளிருந்து மணலைத் தள்ளித் தள்ளி வெளியே கொட்டுகிறார். தள்ளுகிற நேரமெல்லாம் மீசையால் வாட்ச்மேனைத் தொட்டுக்கொண்டேதான் இருக்கிறார். ராணி நன்றாகத் தின்று கொழுத்திருக்கிறாள். வீட்டோட மாப்பிள்ளை அவள் பின்னாலேயே, அவள் சாப்பிட்டு மிச்சம் வைத்ததைத் தின்றுகொண்டு திரிகிறான். ஒரே கோமாளி மீன் சாதிதான், ஆனாலும் அவளில் பாதிதான் இருக்கிறான். அவள் திரும்பினால் திரும்புகிறான். உன் சித்தப்பா பார்த்துவிட்டு இவன் எனக்குச் சொந்தக்காரன் மாதிரி இருக்கிறான் என்றான். நான் சிரிக்கவில்லை. அவனோடு எனக்குச் சிரிப்பு வேண்டியதில்லை.

பவளம்தான் சரியில்லை. முன்னெல்லாம் விளக்கைப் போட்டதும் விரல் விரலாக விரியும், இப்போது முஷ்டியை மூடிக்கொண்டு நிற்கிறது. கண்ணாடியில் பழுப்பாக ஒரு தோல் படிகிறது, காலையில் துடைத்தால் சாயங்காலம் திரும்ப வருகிறது. கடைக்காரரை வரச் சொன்னேன். தண்ணீரைக் குப்பியில் பிடித்து மருந்து சொட்டினார், ரோஜா நிறம் ஏறியது. கழிவு மிஞ்சிப்போயிருக்கிறது, சம்ப் இருந்தால் ஸ்கிம்மர் நுரையோடு வெளியே தள்ளியிருக்கும் என்றார். இதை அன்றைக்கே அழுத்திச் சொல்வதற்கு உங்கள் நாக்கை யார் பிடித்திருந்தார்கள் என்று கேட்டேன். "உங்க வீட்டுச் சண்டையில நான் எப்படிம்மா நுழையிறது" என்றார். சாமான் விற்கும்போது மட்டும் நுழையத் தெரிந்திருக்கிறது.

நீ வந்தால் சம்ப்பைத் திரும்ப மாட்டிவிடலாம். மொட்டை மாடியில் கவிழ்த்து வைத்திருக்கிறார்கள், வெயிலில் காய்கிறது. ஆகஸ்ட் என்றால் முதல் வாரமா, கடைசி வாரமா? அதுவரை இந்தப் பவளத்துக்கு உயிர் இருக்க வேண்டும், எனக்கு வேறொன்றும் வேண்டாம். நீ வந்து பார்க்கும்போது வெறும் கல்லாக நின்றால் நான் என்ன முகத்தோடு உன் எதிரில் நிற்பேன் என்றுதான் ராத்திரியும் பகலும் நினைப்பு.

யார் என்ன சொன்னார்கள் என்பதைக் கிளற வேண்டாம் என்கிறாய். நான் கிளறுவேன். பொய்யை அப்படியே விட்டால் அது வீட்டில் ஒரு ஆள் மாதிரி உட்கார்ந்துகொள்ளும்.

பாட்டி

ஏப்ரல் 20

வாலுக்கு,

ஒரு மாதத்துக்கு மேல் ஆகிறது. பதில் இல்லை. உடம்புக்கு ஒன்றும் இல்லையே? உன் அப்பாவைக் கேட்கலாம், அவனோடு போனில் பேசுகிறாய் என்று தெரியும். பேசும்போது அவன் பால்கனிக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொள்கிறான். கேட்க மாட்டேன்.

எனக்கு ஒன்றும் இல்லை. பவளம் அப்படியேதான்.

முகவரி சரிதானா என்று நீ அனுப்பினதை மூன்று பேரிடம் படிக்கக் கொடுத்துப் பார்த்தேன். சரிதானாம்.

பாட்டி

மே 3

பாட்டிக்கு,

மன்னித்துக்கொள். பட்டறையில் வேலை நெருக்கடி. நன்றாகத்தான் இருக்கிறேன். உன் ரத்த அழுத்த மாத்திரையை விட்டுவிடாதே.

ஆகஸ்ட் பற்றிப் பிறகு எழுதுகிறேன். தொட்டி உனக்குப் பாரமாக இருந்தால் கடைக்காரரே எடுத்துக்கொள்வார் பாட்டி. நல்ல இடமாகப் பார்த்துக் கொடுப்பார். எனக்கு வருத்தம் ஒன்றும் இருக்காது. நீ வாளி தூக்கிக்கொண்டு வழுக்குகிற குளியலறையில் உட்காருவதை நினைத்தால்தான் வருத்தமாக இருக்கிறது.

வாலு

மே 19

வாலுக்கு,

கடைக்காரரிடம் கொடுப்பதாம். ஆகஸ்ட் பற்றிப் பிறகு எழுதுவாளாம். உன்னை இப்படி எழுதச் சொன்னது யார் என்று எனக்குத் தெரியும். பால்கனிக் கதவைச் சாத்திக்கொண்டு பேசுகிறவன்தான்.

வீட்டோட மாப்பிள்ளை செத்துவிட்டான்.

புதன்கிழமை சாயங்காலம் வழக்கத்துக்கு மாறாக அமைதியாக இருந்தது தொட்டி. தண்ணீர் பால் கலந்தது போல் இருந்தது. மீன்கள் மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடின. கடைக்காரர் வந்தார், குப்பியில் சொட்டினார், பச்சை நிறம் வந்தது. அம்மோனியா, விஷம் என்றார். கேனிஸ்டரை யாராவது கழுவினீர்களா என்று கேட்டார். நான் ஞாயிற்றுக்கிழமை முறைப்படி கழுவினேன், தொட்டித் தண்ணீரில்தான் என்றேன். உன் அப்பா பின்னால் நின்றுகொண்டிருந்தான். திங்கட்கிழமை தானும் கழுவினதாகச் சொன்னான்.

எப்படிக் கழுவினான் தெரியுமா? வளையங்களை எல்லாம் வெளியே கொட்டி, கொதிக்கிற வெந்நீரில் ஊறவைத்து, தேய்த்து, குழாயைத் திறந்துவிட்டு வெள்ளை வெளேரென்று ஆகும்வரை அலசியிருக்கிறான். பால் பாத்திரத்தை அப்படித்தான் கழுவ வேண்டும் என்று அவனுக்கு நான் சின்ன வயதில் சொல்லிக்கொடுத்தது.

ஐந்தாவது மாதத்தில் முதல் தடவையாக அவனிடம் நேராகப் பேசினேன்.

"உன்ன யாருடா தொடச் சொன்னது?"

"யாரும் சொல்லல. முழங்கால் வலியோட நீ குனிஞ்சு குனிஞ்சு கழுவுறதப் பாத்தேன். அடுத்த தடவ உனக்கு வேல இருக்கக் கூடாதுன்னு கழுவி வச்சேன்."

"எப்படிக் கழுவறதுன்னு ஒரு வார்த்த கேட்டிருக்கலாமில்ல?"

"யார்கிட்டம்மா கேக்கறது? நீதான் பேச மாட்டேங்கிறியே."

நான் வாளியை அவன் பக்கம் தள்ளினேன். தண்ணீரை மாற்ற வேண்டியிருந்தது. அவன் வாளி வாளியாக எடுத்தான், நான் உப்புக் கரைத்தேன், உன் அம்மா சூடு பார்த்தாள். வேலை முடிகிறவரை ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கவில்லை. ராணி பிழைத்துக்கொண்டாள். வாட்ச்மேனும் கொத்தனாரும் பிழைத்துக்கொண்டார்கள். அவன்தான் போய்விட்டான், எல்லோரிலும் சின்னவன். ராணி இன்னும் ஒவ்வொரு மூலையாகப் போய்த் திரும்பித் திரும்பிப் பார்க்கிறாள், பின்னால் வருகிறவனைக் காணோம் என்று.

குழாய்த் தண்ணீர் ஆகாது என்று நீ எழுதினது என் தலையணைக்குள் இருந்தது, அவனிடம் நான் சொல்லவில்லை, ஒத்துக்கொள்கிறேன். ஆனால் ஏன் சொல்லவில்லை? அவன் பொய் சொன்னான், அதனால் பேசவில்லை. பேசவில்லை, அதனால் சொல்லவில்லை. இத்தனைக்கும் அடியில் கிடப்பது ஜனவரியில் அவன் சொன்ன அந்தப் பொய்தான்.

இப்போது நான் கேட்பதற்கு நீ பதில் எழுதியே ஆக வேண்டும். குளிரைப் பற்றி வேண்டாம், அலமாரியைப் பற்றி வேண்டாம், என் மாத்திரையைப் பற்றியும் வேண்டாம். சம்ப்பை எடுக்க நீ சொன்னாயா, சொல்லவில்லையா? ஒரு சொல் போதும்.

பாட்டி

ஜூன் 1

பாட்டி,

சொன்னேன்.

அப்பா பொய் சொல்லவில்லை. ஜனவரி முதல் வாரத்திலேயே எனக்கு இங்கே நிரந்தர வேலை போட்டுக் கொடுத்துவிட்டார்கள். அப்பாவுக்குப் போன் செய்து, நான் ஆகஸ்ட்டில் வரவில்லை, தொட்டியை யாருக்காவது கொடுத்துவிடுங்கள் என்றேன். பாட்டியின் உயிரே அதில்தான் இருக்கிறது, எப்படிக் கொடுப்பது என்று அவர் தயங்கினார். அப்படியானால் சம்ப்பை எடுத்துவிட்டுக் கேனிஸ்டர் மாட்டுங்கள், பராமரிக்கச் சுலபம், பிறகு யாராவது வாங்க வந்தாலும் தூக்கிக்கொண்டு போகச் சுலபம் என்று சொன்னது நான்தான். வேலை விஷயத்தை உன்னிடம் நீங்கள் சொல்லாதீர்கள், நானே எழுதுகிறேன் என்று அப்பாவிடம் வாக்கு வாங்கிக்கொண்டேன்.

ஒவ்வொரு தடவையும் எழுத உட்கார்ந்தேன். நீ ஆகஸ்ட் ஆகஸ்ட் என்று எழுதியிருப்பாய். நாளைக்கு எழுதலாம் என்று வேறு எதையாவது எழுதி அனுப்பிவிடுவேன். மாப்பிள்ளை செத்துப்போனது என்னால்தான். அப்பா மேல் கோபப்படாதே. என் மேல் எவ்வளவு வேண்டுமானாலும் கோபப்படு.

உன் உடம்பு எப்படி இருக்கிறது? எழுது பாட்டி.

வாலு

ஜூன் 14

வாலுக்கு,

உன் கடிதத்தைக் கையில் பிடித்துக்கொண்டே உன் அப்பாவிடம் போனேன். செய்தித்தாள் படித்துக்கொண்டிருந்தான். "வாலு எழுதியிருக்கா" என்றேன். "எழுதிட்டாளா?" என்று தாளைக் கீழே வைத்தான். ரொம்ப நாளாகத் தலையில் சுமந்துகொண்டு நின்றவன் இறக்கிவைத்த மாதிரி நாற்காலியில் சாய்ந்தான்.

"இத்தன மாசமா ஏன்டா வாய மூடிட்டிருந்த? அத்தன பேர் முன்னால உன்னப் பொய்யன்னு சொன்னேனே."

"அவளே சொல்றேன்னாம்மா. அவ வாயால வரட்டும்னு இருந்தேன். தினமும் நீ அவ வருவா வருவான்னு கண்ணாடியத் தொடச்சிட்டு இருந்த. அத நிறுத்த எனக்கு மனசு வரல."

நான் அவன் தலையைத் தொட்டேன். வழுக்கை விழுந்துவிட்டது, எப்போது விழுந்தது என்று தெரியவில்லை. அன்றைக்குச் சாப்பாட்டை நானே பரிமாறினேன். உப்பையும் அவனிடமே கேட்டு வாங்கிக்கொண்டேன். உன் அம்மா தட்டைப் பார்த்துக் குனிந்துகொண்டு சிரித்தாள், நான் கவனிக்காத மாதிரி இருந்துவிட்டேன்.

சம்ப் திரும்ப வந்துவிட்டது, கேனிஸ்டர் வளையங்களும் பஞ்சும் இப்போது அதற்குள்தான். உன் சித்தப்பாவே மாடியிலிருந்து இறக்கிக்கொண்டு வந்தான். குழாயில் ஒரு ஓட்டைக்கு இரண்டு ஓட்டையாகப் போட்டான், ஒன்றில் நத்தை உட்கார்ந்தால் இன்னொன்று இருக்கும். அதற்கு மேல் சின்னக் கண்ணி வலை ஒன்றையும் சுற்றினான். வேலையை முடித்துவிட்டு, "இத அன்னைக்கே பண்ணியிருக்கலாம்மா" என்று தானாகவே சொன்னான். மின்சாரத்தை நிறுத்திப் பார்த்தோம், கீழ்வீட்டுக்காரரையும் கூப்பிட்டு வைத்துக்கொண்டுதான். தண்ணீர் விளிம்புக்குக் கீழே நின்றுவிட்டது. அவர் குனிந்து கையால் தரையைத் தடவிப் பார்த்துவிட்டுத் திருப்தியாகப் போனார். கடைக்காரர் தன் கடைத் தொட்டியிலிருந்தே பாறைகள் கொண்டுவந்து அடுக்கினார். இந்தத் தடவை இருந்தாலும் என்று இழுக்கவில்லை. ஸ்கிம்மர் நாற்றத்தோடு நுரை தள்ளுகிறது. பவளம் இன்னும் முழுக்க விரியவில்லை, ஓரத்தில் இரண்டு மூன்று விரல் மட்டும் நீட்டியிருக்கிறது. பிழைக்கும் என்கிறார்கள்.

தொட்டியை நான் யாருக்கும் கொடுக்கப்போவதில்லை. உனக்காக இல்லை. நீ வந்தாலும் வராவிட்டாலும் அது இந்தக் கூடத்தில் ஓடும். வளையத்தை எப்படிக் கழுவுவது, பஞ்சை எப்போது கழுவுவது என்பதெல்லாம் இனி இந்த வீட்டில் எல்லோருக்கும் தெரியும், உன் ஜனவரிக் கடிதத்தை நான் சத்தமாகப் படித்துக் காட்டிவிட்டேன்.

உன் வேலையைப் பற்றி. கறாரான மேஸ்திரி கையில் வேலை கற்றுக்கொண்டு, ஊர் பேர் தெரியாத இடத்தில் உனக்கென்று ஒரு அறையும் மூடாத ஒரு அலமாரியும் சம்பாதித்திருக்கிறாய். அதற்கு நான் ஏன் அழ வேண்டும்? ஜனவரியில் சொல்லியிருந்தால் இரண்டு நாள் படுத்துக்கொண்டு அழுதிருப்பேன், மூன்றாம் நாள் எழுந்து உனக்கு ஒரு கம்பளி பின்னத் தொடங்கியிருப்பேன். இவ்வளவுதான் நடந்திருக்கும். பாட்டி உடைந்துபோவாள் என்று நீ நினைத்துக்கொண்டாய். என்னைப் பற்றி நீ வைத்திருந்த கணக்கு அவ்வளவுதானா?

வராதது தப்பில்லை. தொட்டியைக் கொடுக்கச் சொன்னதும் தப்பில்லை, அது உன்னுடையது. மாப்பிள்ளை செத்ததில் எனக்கும் பங்கு இருக்கிறது, அதை உன் தலையில் முழுக்கப் போட மாட்டேன். உன் சித்தப்பாவை விட்டுவிட்டேன். கடைக்காரரை விட்டுவிட்டேன். குப்பை வண்டிக்காரனைக்கூட விட்டுவிட்டேன்.

ஆனால் திரும்பத் திரும்ப நான் ஒரு வரி கேட்டேன். அதைப் படித்தாய். படித்துவிட்டுக் குளிரைப் பற்றி எழுதினாய். அந்த நேரமெல்லாம் இங்கே நான் என் பிள்ளையை, ஒரு பொய்யும் சொல்லாதவனை, பொய்யன் பொய்யன் என்று வாய் நிறையச் சொல்லிக்கொண்டிருந்தேன். அவன் முகத்தைப் பார்க்காமல் ஐந்து மாதம் அவன் வீட்டில் சாப்பிட்டேன். நீ பொய் சொல்லவில்லை என்று உனக்கு நீயே சமாதானம் சொல்லிக்கொள்ளலாம். நீ சொல்ல வேண்டியிருக்கவில்லை, அந்தப் பொய்யை என் வாயால் சொல்ல வைத்துவிட்டாய்.

எனக்கு ரத்த அழுத்தம் இறங்கியிருக்கிறது. மாத்திரை தவறாமல் சாப்பிடுகிறேன். நீயும் நேரத்துக்குச் சாப்பிடு, தொண்டையைப் பார்த்துக்கொள். கம்பளிக்கு உன் தோள் அளவு வேண்டும், எழுதி அனுப்பு. கோபமாக இருக்கிறாளே என்று பதில் போடாமல் இருந்துவிடாதே. கோபம் கோபமாக இருக்கும், கடிதம் கடிதமாக வரட்டும்.

மற்றவர்களையெல்லாம் மன்னித்துவிட்டேன். மன்னிக்காமல் வைத்திருப்பது ஒரே ஒரு ஆளைத்தான், இதை நான் சாகிறவரை மறக்கவும் மாட்டேன்.

வாலு, உன்னை.